ஒருவரையும் விடாத பாட்டுக்காரர்

அவரை ஓர் அறைக்குள் உடனே கூட்டிக்கொண்டு போய்விட முடியாது. வாசலில் நின்று முதலில் உள்ளே இருக்கும் தலைகளை எண்ணுவார். சுட்டுவிரல் அசையும், உதடு அசையும். எண்ணி முடித்து, தன்னையும் ஒன்று கூட்டிக்கொண்டுதான் படி ஏறுவார். துறைமுகத்தில் முப்பது வருடம் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணும் வேலை பார்த்ததால் வந்த பழக்கம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. மூட்டை எண்ணுகிறவர் ஒன்று குறைந்தால் மேலிடத்துக்குப் பதில் சொல்லவேண்டுமே என்று எண்ணுவார். இவர் ஒருவர் விடுபட்டால் அவருக்கு மனம் நோகுமே என்று எண்ணினார்.

நான் அப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டினேன். கொழும்பில், கிராண்ட்பாஸில் என் வீடு. காலையில் கொட்டாஞ்சேனையில் பதினொரு பிள்ளைகளை ஏற்றி, காலி வீதி வழியாக வெள்ளவத்தைக்குக் கொண்டுபோய், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருந்த சின்னப் பள்ளிக்கூடத்தில் இறக்குவேன். நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. வேன் ஓட்டுவதில் எனக்குப் பிடித்ததே, எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் இருப்பார்கள் என்பதுதான்.

அவர் அந்த வேனுக்குள் வந்து சேர்ந்ததற்கு நான் ஏற்றும் பிள்ளைகளில் ஒருவனான ரிஸ்விதான் காரணம். நாலாம் வகுப்பில் டீச்சர் கவிஞர்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். புத்தகத்தில் ஏழு கவிஞர்கள். ஏழு பேருக்கும் பிறந்த வருடமும் போட்டிருந்தது, இறந்த வருடமும் போட்டிருந்தது. ரிஸ்வி கையைத் தூக்கி, கவிஞராக வேணும் என்றால் முதலில் மௌத்தாக வேணுமா, சாக வேணுமா டீச்சர் என்று கேட்டானாம். வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, உயிரோடு இருக்கிற ஒருவரைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

கொட்டாஞ்சேனைக் கோயில் வாசலில் ஒரு பெரியவர் தன் செலவில் அச்சடித்த பாட்டுத்தாள்களைச் சின்னப் பிள்ளைகளின் கையில் திணிப்பதை டீச்சர் முன்பு பார்த்திருந்தார். அந்தப் பாட்டுகளில் மீன்காரரோடு சிங்களத்தில் சண்டை பிடிக்கும் காகம் வரும். நோன்புக் கஞ்சிக்கு வரிசையில் நிற்கும் பூனை வரும். தேயிலைத் தோட்டத்திலிருந்து ரயிலேறி வந்து கொழும்பில் முகவரி தேடும் அட்டைப்பூச்சி வரும். யாழ்ப்பாணத்துப் பேச்சும் மலைநாட்டுப் பேச்சும் முஸ்லிம் பிள்ளைகளின் பேச்சும் ஒரே தாளில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். அவருடைய தகப்பன் யாழ்ப்பாணம், தாய் ஹட்டன் பக்கம். "எனக்குத் தாய்மொழியும் தமிழ், தேப்பன் மொழியும் தமிழ், ரெண்டும் ஒண்டோடொண்டு கதைக்காது" என்பார்.

பத்திரிகைகளுக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறார். ஒரு பத்திரிகை இது கொழும்புக் கலப்படம் என்று திருப்பி அனுப்பியது. இன்னொன்று யாழ்ப்பாணத்து வாடை கூடிவிட்டது என்றது. அந்த வயதுவரை ஒரு பள்ளிக்கூடமும் அவரை உள்ளே கூப்பிட்டதில்லை.

எங்கள் அதிபரும் இலேசில் சம்மதிக்கவில்லை. அவர் தொலைபேசியிலும் எழுத்துத் தமிழ் பேசுகிறவர். கடைசியில், தமிழ்த்தின விழாவில் நாலு நிமிடம் தருகிறேன், அது சரிவந்தால் இவருடைய பாட்டு எல்லா வகுப்புக்கும் போகலாம், சரிவராவிட்டால் புத்தகத்தில் இருக்கும் ஏழு பேரும் போதும் என்றார். அதுவரை புதன்கிழமைகளில் வகுப்புக்கு வரலாம் என்று முடிவாயிற்று.

அவர் பஸ்ஸில் ஏறமாட்டார். பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஓட்டோவில் ஏறினால் தலை சுற்றும். ஆகவே டீச்சர் என்னிடம் கேட்டார், நான் தலையாட்டினேன். முதல் புதன்கிழமை கொட்டாஞ்சேனைச் சந்தியில் ஒரு பருத்த மனிதர், கையில் குடை, தோளில் ஒரு பெரிய துணிப்பை, வேன் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே எண்ணினார். பதினொன்று. என்னைப் பார்த்தார். பன்னிரண்டு. தன்னோடு பதின்மூன்று. ஏறினார். வேன் ஒரு பக்கம் சாய்ந்தது.

பிள்ளைகளுக்குப் பெரிய ஏமாற்றம். தாடி இல்லை, தலைப்பாகை இல்லை, சால்வைகூட இல்லை. மாதங்கி என்ற பிள்ளை அவரைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, உண்மையாகவே நீங்கள்தானா என்று கேட்டாள். ஓம் என்றார். ரிஸ்வி அவருடைய கையைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருக்கிறது, ஹயாத்தோடு, உயிரோடுதான் இருக்கிறார் என்று மற்றவர்களுக்கு உறுதி சொன்னான்.

ஒருவரையும் விட முடியாத அவருடைய குணம் அவருக்குப் பல சங்கடங்களைக் கொடுத்தது. அவருடைய தமையனார் இறந்தபோது பத்திரிகைக்கு மரண அறிவித்தல் எழுதும் வேலையை அவரிடம் விட்டிருக்கிறார்கள். அன்னாரின் பாசமிகு மனைவி, மக்கள், மருமக்கள், சகோதரர்கள் என்று எல்லோரும் போடுவதுதான். இவர் அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. அன்னாருக்குப் பதினாறு வருடம் முடிவெட்டியவரையும், அன்னாரின் மேல்மாடியில் இருந்து அன்னாரோடு பேச்சுவார்த்தை இல்லாதவரையும் சேர்த்துவிட்டார். பத்திரிகை அலுவலகத்தில் வாங்கிப் பார்த்தவர், ஐயா இது அறிவித்தலா, வாக்காளர் இடாப்பா என்று கேட்டாராம். குடும்பத்தார் வேறு ஒருவரை வைத்து எழுதிப் போட்டார்கள். மேல்மாடிக்காரர் மட்டும், தன் பெயர் முதல் தாளில் இருந்ததாகக் கேள்விப்பட்டு, செத்தவீட்டுக்கு வந்து கடைசிவரை நின்றார்.

நாலாம் வகுப்பைப் படம் எடுக்க ஸ்டூடியோக்காரர் வந்த நாளிலும் இதே கதைதான். எல்லோரும் அசையாமல் நிற்கிறார்கள். இவர் வரிசையிலிருந்து இறங்கி, படம் எடுக்கிறவர் படத்தில் இல்லையே என்றார். ஸ்டூடியோக்காரரை வரிசையில் நிறுத்தி, கமராவை டீச்சரிடம் கொடுத்தார். இப்போது டீச்சர் இல்லை. ஒழுங்கையால் போன தபால்காரரைக் கூப்பிட்டார். தபால்காரர் எடுக்கும்போதே, அவருக்குப் பதில் எடுக்க ஆள் வருகிறதா என்று இவர் ஒழுங்கையைப் பார்த்தார். அவரும் வரவேண்டும் என்று இவர் திரும்பியபோது தபால்காரர் சைக்கிளில் ஏறித் தப்பிவிட்டார். அந்தப் படத்தில் இவர் மட்டும் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

விழாவுக்கான பாட்டு வேனுக்குள்தான் பிறந்தது. பிள்ளைகள் வேனில் சோதனைச்சாவடி விளையாடுவார்கள். ஒரு பிள்ளை எழுந்து நின்று, பையில் என்ன, திற என்று கேட்கும். மற்றப் பிள்ளை திறந்து காட்டும். வீதியில் நாள்தோறும் பார்ப்பதைத்தானே விளையாடுவார்கள். இவர் குடையை மடியில் வைத்துக்கொண்டு மூன்று புதன்கிழமை கேட்டார். நாலாவது புதன்கிழமை பாட்டோடு வந்தார்.

பைக்குள் என்ன? பைக்குள் என்ன?
பார்க்க வேணும், திறந்து காட்டு!
பிட்டும் வாழைப் பழமும் இருக்கு,
பிசைஞ்சு தின்ன வாறீரோ?

இது மாதங்கிக்கு. அவள் தாய் தினமும் பிட்டுத்தான் கட்டிக்கொடுத்தார். ஆகவே அந்த அடியில் பிரச்சினை வரவில்லை. அடுத்தது ரிஸ்விக்கு. வட்டிலப்பம் வைத்திருக்கேன் என்று எழுதியிருந்தார். ரிஸ்வி முகத்தைச் சுளித்தான்.

"வட்டிலப்பம் பெருநாளைக்கி மட்டுந்தான் ஈக்கும். பையில போட்டா கொப்பியெல்லாம் ஊத்திப் போகும். நான் கொண்டு வாரது பாணும் பருப்பும்."

இவர் பென்சிலால் வெட்டினார். தாய் சிங்களவரான ஒரு பிள்ளைக்குப் பாற்சோறு எழுதியிருந்தார். அவள் கொண்டுவருவது பாணும் ஜாமும் என்றாள். மலைநாட்டுப் பிள்ளைக்கு ரொட்டி எழுதியிருந்தார். அவனும் பாண் என்றான். அதற்குப் பின்னால் இருந்த இருவரும் பாண், பாண் என்றார்கள். நான் கண்ணாடியில் பார்த்தேன். அவர் பென்சிலைக் காதில் செருகிவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாப்பாடு என்று ராத்திரி முழுக்க யோசித்தேனே, கொழும்பு முழுக்கப் பேக்கரிப் பாணையே தின்றால் நான் பாட்டை எப்படிக் கொண்டுபோவது என்று என் முதுகைப் பார்த்துக் கேட்டார். நான் கியரை மாற்றினேன்.

வகுப்பில் பதினேழு பிள்ளைகள். பதினேழு பேருக்கும் நாலு நாலு வரி எழுதினார். டீச்சர் கடிகாரம் பிடித்துப் பார்த்தார். பதினொரு நிமிடம். வரிகளைக் குறைக்கச் சொன்னார். இவர் வரியைக் குறைக்காமல் பிள்ளைகளை வேகமாகச் சொல்லவைத்தார். எட்டு நிமிடத்தில் முடிந்தது, ஒரு சொல்லும் விளங்கவில்லை. பிறகு டீச்சர் தாளைப் பறித்து ஆளுக்கு இரண்டு வரி என்று வெட்டினார்.

அப்படி வெட்டிய தாளிலும் ஒரு இடத்தில் நான் இருந்தேன். வேன் ஓட்டும் அண்ணனின் பைக்குள்ளே சீப்பும் முகப்பவுடரும் இருக்கிறதாம். உண்மைதான். ஆனால் அது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் முதன்முதலாக ஒருவரிடம் வலியப்போய்ப் பேசியது அன்றுதான்.

"ஐயா, என்னைய எடுத்துருங்க. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"தம்பி, நாளாந்தம் எல்லாரையும் கொண்டு வாறது நீர். உம்மை விட்டிட்டு எப்பிடி?"

"விட்டா சந்தோசமா இருப்பேங்க."

அவருக்கு அது விளங்கவே இல்லை. விடுபட ஒருவர் ஆசைப்படுவார் என்பதை அவர் கேள்விப்பட்டதே கிடையாது. எடுத்துவிட்டேன் என்று சொன்னார். அடுத்த கிழமை பார்த்தால், ஒருத்தரின் பைக்குள்ளே சீப்பும் பவுடரும் என்று இருந்தது. அதையும் நான் டீச்சரிடம் சொல்லி எடுக்கவைத்தேன்.

பிரச்சினை வேறு ஆளால் வந்தது. பம்பலப்பிட்டிக்குக் கிட்ட ஒரு சோதனைச்சாவடி. காலையில் அங்கே நின்ற ஆமிக்காரருக்கு இருபது, இருபத்தொரு வயது இருக்கும். வேனுக்குள் தலையை நீட்டிப் பார்ப்பார், பிள்ளைகளின் பைகளில் ஒன்றிரண்டைத் திறக்கச் சொல்வார், போ என்று கையை ஆட்டுவார். ஒரு புதன்கிழமை அவர் தலையை நீட்டியபோது, எங்கள் ஆள் சிங்களத்தில், மல்லி என்று தம்பியைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டு, உன்னுடைய பையில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டார்.

வேனை ஓரத்தில் நிறுத்தச் சொன்னார்கள். இன்னும் இருவர் வந்தார்கள். இவர் இறங்கி, பாட்டுத்தாளை விரித்து, இது பிள்ளைகளின் பாட்டு, இதில் எல்லோருடைய பையும் இருக்கிறது, தம்பியின் பை மட்டும் இல்லை என்று விளக்கம் சொன்னார். நடுவீதியில் நின்று ஓரடி பாடியும் காட்டினார். பெரியவராக இருந்த ஆமிக்காரர் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். இவருக்குத் தலையில் ஏதோ என்று முடிவு செய்திருக்க வேண்டும். போகச் சொன்னார். வேன் நகரும்போது அந்த இளம் பெடியன் ஜன்னல் பக்கமாக வந்து மெதுவாக, பாணும் பருப்பும் என்றான்.

"அவருக்கும் பாணா?" என்றான் ரிஸ்வி.

அதற்கு அடுத்த கிழமை பாட்டின் கடைசியில் ஆமிக்காரர் வந்துவிட்டார். வெயிலில் நிற்கிறார், பையில் பழைய பாண், பருப்பு. பதினேழு பிள்ளைகளும் தங்கள் பையிலிருந்து ஆளுக்கொரு பிடி அவருக்குக் கொடுக்கிறார்கள். அப்படி முடிகிறது. அவருக்கு அந்த முடிவு அவ்வளவு பிடித்திருந்தது. வகுப்பில் வாசித்துக் காட்டும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். வாசித்து முடிய மாதங்கி எழுந்தாள்.

"என்ர பிட்டை நான் குடுக்கமாட்டன்" என்றாள். போய் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

மாதங்கியின் தகப்பன் ஒரு கணக்காளர் கந்தோரில் கிளார்க். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருநாள் பின்னேரம் வேலைவிட்டு வரும்போது, காலி வீதியில் அவரை நிறுத்திப் பையில் இருந்த எல்லாவற்றையும் நடைபாதையில் கொட்டச் சொல்லியிருக்கிறார்கள். சாப்பாட்டுப் பெட்டி, குடை, மகளுக்கு வாங்கிய கலர் பென்சில், எல்லாம் நிலத்தில். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு பொலிசுக்குக் கொண்டுபோய் இரண்டு இரவு வைத்திருந்தார்கள். எங்கே இருக்கிறார் என்று வீட்டுக்குத் தெரியாது. தாயும் மகளும் ஒவ்வொரு பொலிஸ் நிலையமாக ஏறி இறங்கியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த மனிதர் பை கொண்டுபோவதில்லை. எல்லாவற்றையும் உள்ளே இருப்பது தெரியும் சிரிசிரிப் பையில், மெல்லிய பொலித்தீன் பையில், போட்டுத் தூக்கிக்கொண்டு திரிந்தார். ஒருவரும் கேட்கத் தேவையில்லை, வெளியிலேயே தெரியும். மகளை ஏற்றிவிட வேனடிக்கு வந்தால் தலையை மட்டும் ஆட்டுவார். என்னைவிடக் குறைவாகப் பேசும் ஒருவரை நான் அப்போதுதான் கண்டேன்.

அந்த அடியை எடுத்துவிடுங்கள் என்றார் டீச்சர். அதிபரும் எடுத்துவிடச் சொன்னார். பிரதம விருந்தினர் கல்விக் கந்தோரிலிருந்து வருகிறார், இராணுவம் என்ற பேச்சே மேடையில் வேண்டாம் என்றார். இவர் எடுக்கவில்லை. அந்தப் பெடியனைத் தன் வாயால் கேட்டுவிட்டு எப்படி விடுவது. டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. அப்போ மாதங்கியை விடலாமோ என்று கேட்டார்.

அந்தக் கேள்வியோடு மனிதர் ஆடிப்போனார். அடுத்த புதன்கிழமை வேனில் ஏறி எனக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்தார். பிறகு என் பின்னால் குனிந்து, தம்பி, இவ்வளவு காலமும் ஓராளைச் சேர்த்தால் ஓராள் கூடும் என்றுதான் நினைத்திருந்தேன், ஓராளைச் சேர்த்தால் ஓராள் விழும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே என்றார். விழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. இரண்டு பேரில் ஒருவர் இல்லாமல் அந்தப் பாட்டை மேடைக்குக் கொண்டுபோக அவரால் முடியாது. கொண்டுபோகாவிட்டால் அந்தப் பள்ளிக்கூடத்தின் கதவும் சாத்திக்கொள்ளும். வேறு கதவு அவருக்கு இல்லை.

அன்று அவர் மாதங்கிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். புத்தி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நேராகக் கேட்டார்.

"அந்த ஆளைப் பாட்டிலயிருந்து எடுக்கட்டோ, பிள்ளை?"

"எடுக்க வேண்டாம்."

"அப்ப பிட்டு?"

"பிட்டு குடுக்கமாட்டன். எல்லாரும் பையைத் திறந்து காட்டினம். அவரும் காட்டட்டும். நான்தான் கேப்பன்."

அவர் பென்சிலை எடுத்தார். பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி கொடுக்கும் முடிவு முழுவதையும், அவருக்கு அவ்வளவு பிடித்த முடிவை, குறுக்கே கோடு போட்டு வெட்டினார். மாதங்கி கேட்பாள், ஆமிக்காரர் பையைத் திறந்து பாணும் பருப்பும் என்பார், போகலாம் என்று அவள் சொல்வாள், அதோடு முடியும். உடுப்பு இல்லை, தொப்பி இல்லை, ஆமி என்ற சொல்லும் இல்லை, வெயிலில் நிற்கும் ஒருவர் என்று மட்டும் இருக்கும் என்று டீச்சர் அதிபரிடம் கெஞ்சிச் சம்மதம் வாங்கினார். ஆனால் வெயிலில் நிற்பவர் யார் என்பது எல்லாத் தாய்தகப்பனுக்கும் தெரிந்திருந்தது. ஒருவரும் தங்கள் பிள்ளையை அந்தப் பாத்திரத்துக்கு விடவில்லை. டீச்சர் என்னைப் பார்த்தார். நான் வேனுக்குக் கீழே போய் ஏதோ பழுது பார்த்தேன். கடைசியில் பாட்டுக்காரரே அந்த ஆளாக நிற்பதாக ஒப்புக்கொண்டார்.

விழா நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. நான் கதவடியில் நின்றேன். மாதங்கியின் தகப்பனும் வந்திருந்தார், மூன்றாவது வரிசையின் ஓரத்தில், மடியில் சிரிசிரிப் பையோடு. பாட்டு நன்றாகவே போயிற்று. பாண் என்று ஒவ்வொரு பிள்ளையும் சொல்லச் சொல்லச் சனம் சிரித்தது. பிரதம விருந்தினரும் சிரித்தார். மூன்றரை நிமிடத்தில் கடைசி அடி வந்தது. அவர் தோளில் தன் துணிப்பையோடு மேடையின் நடுவில் வந்து நின்றார். மாதங்கி முன்னால் வந்தாள். அவருடைய இடுப்பு உயரம்தான் இருந்தாள்.

பைக்குள் என்ன என்று கேட்டாள். பாணும் பருப்பும் என்று அவர் பாடினார். இனி அவள் போகலாம் என்று சொல்லவேண்டும். சொல்லவில்லை.

"எல்லாத்தையும் வெளியில எடுங்கோ" என்றாள்.

டீச்சர் திரைக்குப் பின்னாலிருந்து, போகலாம், போகலாம் என்று உதட்டை அசைத்தார். மாதங்கி திரும்பிப் பார்க்கவில்லை. அவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு குனிந்து மேடையில் முழங்காலிட்டு, பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கண்ணாடிக் கூடு. களுபோவில ஆஸ்பத்திரி கிளினிக் புத்தகம். பாதி இஞ்சி பிஸ்கட் பக்கற். ஒரு ஈரத் துவாய். பாட்டுத்தாள்கள். சனம் சிரித்தது.

"இன்னும்" என்றாள்.

ஒரு மருந்துப் போத்தல், ஒற்றைக் காலுறை ஒன்று. சிரிப்பு குறைந்தது. மண்டபத்தில் இருந்த முக்கால்வாசிப் பேரும் எப்போதாவது ஒருநாள் இப்படிக் குனிந்து எடுத்து வைத்தவர்கள்தான். பிள்ளை விளையாடவில்லை என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அதிபர் கடிகாரத்தைப் பார்த்தார். பை காலியானதுபோல இருந்தது. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அப்போது மூன்றாவது வரிசை ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"பிள்ளை, பக்கத்துச் சிப்பையும் திறக்கச் சொல்லு. அதைத்தான் கடைசியாக் கேப்பினம்."

மாதங்கியின் தகப்பன். அவருடைய குரலை நான் அதுவரை கேட்டதில்லை. எல்லோரும் திரும்பினார்கள். மனிதர் எழுந்து நின்றிருந்தார். முகத்தில் சிரிப்பு என்று சொல்ல முடியாது, சிரிப்புக்குப் பக்கத்தில் ஏதோ இருந்தது. கவிஞர் பையின் பக்கவாட்டுச் சிப்பை இழுத்துத் திறந்தார். ஒரு பிடி இஞ்சி டொபி விழுந்து மேடையில் உருண்டது.

அதோடு மண்டபம் பிய்த்துக்கொண்டது. சப்பாத்தைக் கழட்டச் சொல்லு பிள்ளை என்றார் ஒருவர். ஐசியைக் கேள், அடையாள அட்டையைக் கேள் என்றார் இன்னொருவர். பின்வரிசையில் ஒரு தாய், எங்கே தங்கியிருக்கிறார், ஏன் கொழும்புக்கு வந்தவர், எப்போ திரும்பிப் போவார் என்று கேளம்மா என்றார். அந்த மூன்று கேள்வியையும் அந்தத் தாய், சாவடியில் கேட்டுக் கேட்டுப் பழகியவராக, ஒரே மூச்சில் மனப்பாடமாகச் சொன்னார். சிரித்துச் சிரித்துச் சிலருக்குக் கண்ணீர் வந்தது. மேடையில் அவர் ஒரு சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சொல்கிறவர்கள் பக்கமெல்லாம் திரும்பித் திரும்பித் தலையாட்டினார்.

அதிபர் எழுந்தார். முடிந்தது என்று நினைத்தேன். மண்டபம் அடங்கியது. அவர் தொண்டையைச் செருமினார்.

"பொலிஸ் பதிவுப் பத்திரம் இன்னும் பரிசோதிக்கப்படவில்லை" என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அந்தச் சத்தம் அடங்க நேரம் எடுத்தது. அடங்கியபிறகு எல்லோரும் மாதங்கியைப் பார்த்தார்கள். அவள் பொருட்களைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். கிளினிக் புத்தகத்தை எடுத்து விரித்துப் பார்த்து, வைத்தாள். பிறகு முழங்காலில் இருந்த அந்தப் பருத்த மனிதரைப் பார்த்தாள். அவளுக்கு என்ன தோன்றியதோ தெரியாது.

"நீங்கள் இஞ்ச நிக்கிறதை வீட்டில சொன்னனீங்களோ?"

அப்படி ஒரு வரி தாளில் இல்லை. அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"அப்ப கெதியாப் போங்கோ. தேடுவினம்."

ஒருவரும் கைதட்டவில்லை. அவர் பொருட்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டார். டொபியைப் பொறுக்கினார். ஒற்றைச் சப்பாத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, படியால் இறங்கி, நடுவழியால் நடந்து, என்னைக் கடந்து வெளியே போனார். அதற்குப் பிறகுதான் கைதட்டல் தொடங்கியது. டீச்சர் ஒலிவாங்கியைப் பிடித்து, இப்போது எங்கள் கவிஞரை உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன், அவர் உயிரோடு இருக்கிறார் என்று எழுதிவைத்ததை வாசிக்கத் தொடங்கினார். மேடையில் கவிஞர் இல்லை. அதிபர் மாலையோடு நின்றுகொண்டிருந்தார். அடுத்த கிழமையே அவருடைய பாட்டுத்தாள் எல்லா வகுப்புக்கும் போனது, ஆனால் அந்த மாலையை அன்று ஒருவரும் அவர் கழுத்தில் போடவில்லை.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். வேனின் பின்சீட்டில், பிள்ளைகள் இருக்கும் இடத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"ஐயா, உள்ள கூப்பிடுறாங்க."

"பிள்ளை போகச் சொல்லிப்போட்டா, தம்பி. இனி நான் அங்க நிண்டா சரியில்லை. வேனை எடும்."

விழா நாளில் பிள்ளைகள் தாய்தகப்பனோடு வீட்டுக்குப் போவார்கள். ஆகவே எடுத்தேன். கொட்டாஞ்சேனையில் அவருடைய வீட்டு வாசலில் வேனை நிறுத்தியபோது அவருடைய மனைவி கதவைத் திறந்து, கையில் கத்தியோடும் அரை வெங்காயத்தோடும் எங்களைப் பார்த்தார்.

"என்ன, அதுக்குள்ள முடிஞ்சுதே? நான் இன்னும் உலையே வைக்கேல்லை. ஆர் உங்களை இப்ப வரச்சொன்னது?"

"நீர் தேடுவீர் எண்டு ஒரு பிள்ளை சொன்னவ" என்றார் அவர். "அதுதான் கெதியா வந்தனான்."

அந்த அம்மா வெங்காயத்தைப் பார்த்தார், அவருடைய வெறுங்காலைப் பார்த்தார், பிறகு விளக்கம் கேட்டு என்னைப் பார்த்தார். நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.